மீன் ஆய்வாளருக்கு எழுதிய நூலை ஜவுளிக் கடைக்காரர் ஏன் புரட்ட வேண்டும்?

கீழக்கரையில் ஜவுளிக் கடை நடத்துவதாகவும், பள்ளிப் படிப்புக்குப் பிறகு அறிவியல் பக்கம் போனதில்லை என்றும், காலையில் கடற்கரையில் நடக்கும்போது கண்ணில் படுகிற சங்கு, சிப்பி, மீன் இவற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நண்பர் ஒருவர் வீட்டில் மீன் வகைபாட்டு நூல் ஒன்றைப் புரட்டியதாகவும், விலையையும் பக்கத்துக்குப் பக்கம் நிரம்பிக் கிடந்த எண்களையும் கண்டு மலைத்துப் போனதாகவும் சொல்லி, என்னைப் போன்றவனுக்கு இத்தகைய நூல் பயன்படுமா, அல்லது அலமாரியில் அழகுக்குத்தான் இருக்குமா, கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கும்போது இதற்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது, ஒரு துறையினர் தங்களுக்குள் புழங்குவதற்காக எழுதிய நூலை அத்துறைக்கு வெளியே நிற்பவர் திறந்தால் அவருக்கு அதில் என்ன இருக்கிறது என்பதே என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் நூலகன். பணிக்காலத்தின் பெரும்பகுதியை இந்த மாவட்டத்து நூலகங்களில், வேண்டியபோது எடுத்துப் பார்ப்பதற்கான பார்வை நூல்களின் பிரிவில் கழித்தவன்; விலங்கியல் படித்தவன் அல்லன். ஆகவே நூல்களைப் பற்றி நான் சொல்வதை அனுபவத்தில் கண்டதாகவும், உயிரினங்களைப் பற்றிச் சொல்வதை நூல்வழி அறிந்ததாகவும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பயன்படும் என்பதே என் பதில். ஆனால் நீங்கள் நாள்தோறும் கண்ணால் பார்க்கிற, கையால் தொடுகிற பொருளைப் பற்றிய நூலாக அது இருக்க வேண்டும். பொதுவாசகருக்கென்று எழுதப்படும் அறிவியல் நூல் நம்மைக் கைபிடித்து அழைத்துச் செல்லும். கடினமான இடம் வந்தால் நமக்குத் தெரியாமலேயே சுற்றிக்கொண்டு போய்விடும். படித்து முடித்ததும் நிறைவாக இருக்கும், ஆனால் அதில் சொன்னது சரிதானா என்று நாமே பார்த்துக்கொள்ள வழி இருக்காது. துறைசார்ந்த பார்வை நூல் நம்மை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. வரவேற்பு இல்லை, கதை இல்லை, உவமை இல்லை. அதற்கு ஈடாக, எந்த உறுப்பை எண்ண வேண்டும், எத்தனை இருக்க வேண்டும், எத்தனை நீளமுள்ள மீனில் எண்ணியது என்பது வரை அது வெளிப்படையாகச் சொல்லிவிடுவதால், கையில் மீன் உள்ள எவரும் அந்த நூலை மடக்கிக் கேள்வி கேட்கலாம். உங்களை மலைக்க வைத்த அந்த எண்கள் அதற்காகத்தான் இருக்கின்றன.

சூடையையும் மத்தியையும் எடுத்துக்கொள்வோம். பேச்சாளை என்றும் மத்தி என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறுகிற மீனுக்கு அறிவியல் பெயர் சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ். நம் பக்கம் சூடை என்று விற்கிற மீன்களுள் ஒன்று சார்டினெல்லா கிப்போசா. ஏலம் முடிந்த நேரத்தில் இரண்டிலும் ஒவ்வொரு கூறு வாங்கி வந்து, ஒவ்வொன்றிலும் ஒரு மீனை வெள்ளைத் தட்டில் வைத்து, வயிற்றின் நடுப்பகுதியில் இணையாக உள்ள சிறு துடுப்பைக் குண்டூசி முனையால் விரித்து, அதிலுள்ள கதிர்களை எண்ணிப் பாருங்கள். கிளைக்காத கதிர் ஒன்று முன்னால் நிற்கும். அதற்குப் பின்னால் மத்தியில் கிளைத்த கதிர்கள் எட்டு, கிப்போசாவில் ஏழு. ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 1985-இல் வெளியிட்ட சாளைக் குடும்பத்து மீன்களின் பட்டியல் நூல் இதைத்தான் முதன்மை அடையாளமாகச் சொல்கிறது. அடுத்துச் செவுள் மூடியைத் தூக்கினால், முதல் வளைவின் கீழ்ப்பாதியில் வரிசையாக நிற்கும் மெல்லிய முட்கள் தெரியும். கிப்போசாவில் அவை 45 முதல் 59 வரை. மத்தியில் 150-க்கும் மேல். நுண்ணிய மிதவைத் தாவரங்களை நீரிலிருந்து வடித்துத் தின்னும் மீன் மத்தி என்பதை எந்தப் பொது நூலிலும் படிக்கலாம். ஆனால் அந்த நெருக்கமான முட்களை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்த பிறகு அதே வாக்கியத்துக்குக் கனம் கூடிவிடும். நூல் எண்ணிக்கையோடு மீனின் நீளத்தையும் சேர்த்துத் தருவதைக் கவனியுங்கள். மத்தி வளர வளர முட்களும் கூடும், அதனால் நீளம் சொல்லாத எண்ணிக்கை அரைகுறையானது. இந்த ஒரு பழக்கத்தை, அதாவது ஓர் எண்ணைக் கேட்டதும் எந்த நிலையில் எடுத்த எண் என்று திருப்பிக் கேட்கும் பழக்கத்தை, எனக்குத் தெரிந்து பார்வை நூல்களைப் போல எதுவும் கற்றுத் தருவதில்லை.

கீழக்கரைக்காரர் என்பதால் சங்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வலம்புரிச் சங்கு என்று நாம் போற்றுவதை சங்கு, சிப்பி போன்ற மெல்லுடலிகளைப் பற்றிய நூல்களில் தேடுபவர் முதலில் குழம்பிப் போவார். நம் கடலில் மூழ்கி எடுக்கும் சாதாரணச் சங்கை அந்நூல்கள் வலச்சுழி என்றும், வலம்புரியை இடச்சுழி என்றும் குறிக்கும். நூலில் பிழை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஒரு சாதாரணச் சங்கைக் கையில் எடுத்து, சுற்றுகள் குவிந்து முடியும் முனை மேலே இருக்கும்படியும், வாய் உங்களைப் பார்த்திருக்கும்படியும் பிடியுங்கள்; வாய் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். அறிவியலாளர் பிடிப்பது இப்படி. அதே சங்கை, வாய் உங்களைப் பார்த்தபடியே, தலைகீழாகத் திருப்பி, வாய்க்கால்போல் நீண்ட முனையை மேலே கொண்டுவாருங்கள். வாய் இடக்கைப் பக்கம் போய்விடும். நம் மரபு பார்ப்பது இப்படி. சங்கு ஒன்றுதான், சுழிப்பும் ஒன்றுதான். பிடிக்கும் முறைதான் வேறு. இந்த விளக்கம் நூலின் உள்ளே சங்குக்குரிய பதிவில் இருக்காது. பொருளை எப்படிப் பிடித்து, எங்கிருந்து எங்கே அளக்கிறோம் என்று சொல்லும் முற்பக்கங்களில் இருக்கும். பார்வை நூலை வாங்கியவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கங்களைத் தாண்டி நேரே படங்களுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு நூல் விளங்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கிறார்கள்.

வலம்புரி மிக அரிது என்பதால் அதன் விலை நீங்கள் அறிந்ததே. அந்த விலையை நம்பி, அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் கிடைக்கும் வேறொரு குடும்பத்து நத்தை ஓட்டை வலம்புரி என்று விற்பதும் நடக்கிறது. அந்த இனத்தில் ஏறக்குறைய எல்லா ஓடுகளும் இயல்பாகவே அந்தப் பக்கமாகத்தான் சுழித்திருக்கும், ஆகவே சுழியை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். நூலைப் பார்ப்பவர் வாயின் உட்புறம், ஓட்டின் சுற்றுகளுக்கு அச்சாக நிற்கும் நடுத்தண்டைப் பார்ப்பார். நம் சங்கின் நடுத்தண்டில் மூன்று அல்லது நான்கு தடித்த மடிப்புகள் குறுக்காக ஓடும். விரல் நுனியாலேயே தடவி உணரலாம். அந்த வெளிநாட்டு ஓட்டில் அத்தகைய மடிப்பு வரிசை கிடையாது. மடிப்பு இருந்துவிட்டால் மட்டுமே அது இயற்கையான வலம்புரி என்று உறுதிகூற முடியாது, ஒட்டுவேலைகளும் உண்டு. ஆனால் மடிப்பே இல்லாதது நம் சங்கினம் இல்லை என்பதில் ஐயம் வேண்டாம். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இந்தியச் சங்கைப் பற்றி எழுதிய தனிநூல், சங்கின் உடலமைப்பிலிருந்து சங்கு குளித்தல், வளையல் அறுத்தல் வரை ஒரே பொருளைப் பல பக்கமாகத் திருப்பிப் பார்க்கிறது. உங்கள் ஊரைப் போன்ற ஊர்க்காரருக்கு அது இன்றும் சுவை குன்றாத நூல்.

அந்த நூலைத் தேடும்போது பெயர் மாற்றம் என்ற இன்னொரு முட்டுக்கட்டை எதிர்ப்படும். ஹார்னெல் சங்கை டர்பினெல்லா பைரம் என்று எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த ஆய்வுரைகள் பலவற்றில் அதே சங்கு சாங்கஸ் பைரம் ஆகிவிட்டது. இப்போது மறுபடியும் டர்பினெல்லா என்றே வழங்குகிறது. ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடினால், 1949 முதல் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அக்காலப் பதிவுகளில் ஒரு பகுதி உங்கள் கண்ணில் படாமலே போகும். பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் இணைத்துக் காட்டும் உலகக் கடல் உயிரினப் பதிவேடு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. இதற்கெல்லாம் அச்சு நூலைவிட இணையமே சிறந்தது என்பதைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்வேன்.

நூலின் ஆண்டைப் பார்ப்பது இதனால்தான் முக்கியம். அரசு வெளியிட்ட இராமநாதபுரம் மாவட்ட விவரச்சுவடியின் 1972-ஆம் ஆண்டுப் பதிப்பை இன்று திறப்பவர், அதிலுள்ள பரப்பும் மக்கள்தொகையும் இன்றைய சிவகங்கை, விருதுநகர் பகுதிகளையும் சேர்த்தவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அவை பிரிந்தது 1985-இல். சட்டத்தில் இன்னும் கவனம் தேவை. பவளம், கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001 முதல் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. அந்தச் சட்டத்தின் பட்டியல்களே 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆறிலிருந்து நான்காகச் சுருக்கி மாற்றி அமைக்கப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் அச்சான கையேட்டில் இன்ன பட்டியல் என்று போட்டிருப்பதை நம்பி எதையும் செய்ய வேண்டாம். கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் பவளத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். படம் எடுத்துக்கொண்டால் போதும், அடையாளம் காண்பதற்குப் பெரும்பாலும் அதுவே உதவும்.

தமிழிலேயே உள்ள பார்வை நூல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆர்வமுள்ளவர்கள் பலர் அவை இருப்பதையே மறந்துவிட்டு ஆங்கில நூலின் விலையைக் கேட்டுத் திகைக்கிறார்கள். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வெளிவந்தது. அந்தச் சங்கத்தை 1901-இல் நிறுவி இந்நூலுக்கும் துணைநின்ற பாண்டித்துரைத் தேவர் நம் சேதுபதிகளின் குடும்பத்தவர். ஒருவர் தனியாளாக இத்தனையும் தொகுத்தார் என்பது இன்றைக்கும் வியப்பூட்டுகிறது. ஆனால் அது புராணத்தையும் வரலாற்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசும். சேது பற்றியோ தனுக்கோடி பற்றியோ நூல்களும் புராணங்களும் என்ன சொல்கின்றன என்று அறிய அதை நம்பலாம். உண்மையில் என்ன நடந்தது என்று அறிய அதைக் கேட்கக் கூடாது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி வேறு வகை. ஒவ்வொரு பொருளுக்கும் அது எங்கிருந்து எடுத்தது என்று சான்று காட்டும். சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள சிறு குறியீடுகள், இது இலக்கிய வழக்கு, இது வட்டார வழக்கு, இது யாழ்ப்பாணத்து வழக்கு, இது வின்சுலோவின் 1862-ஆம் ஆண்டு அகராதியிலிருந்து எடுத்தது என்று பிரித்துச் சொல்லும். அந்தக் குறியீடுகளைப் படிக்காமல் பொருளை மட்டும் எடுப்பவர் அகராதியில் பாதியைத்தான் பயன்படுத்துகிறார். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்தில் அறிவியல் கட்டுரைகள் பல காலத்தால் பின்தங்கிவிட்டன. ஆனாலும் கடினமான செய்தியைத் தெளிந்த தமிழில் எப்படிச் சொல்வது என்று பார்க்க நான் இன்றும் அதைத்தான் எடுக்கிறேன். இவற்றில் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலையும் சிலர் இக்கரையின் மக்களைப் பற்றி அறியத் தேடிவருவார்கள். அதைப் படிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது மக்களின் மண்டையையும் மூக்கையும் அளந்து வகைப்படுத்தலாம் என்று நம்பிய காலத்து அதிகாரி ஒருவர் தமக்குக் கிடைத்த செய்திகளைத் தொகுத்தது. அக்கால ஆட்சியாளர் நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அது நல்ல சான்று; ஒரு சமுதாயத்தின் தோற்றத்துக்கோ தகுதிக்கோ அதைச் சான்றாகக் காட்டுவது நூலையும் அந்த மக்களையும் ஒருங்கே தவறாகப் படிப்பதாகும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு உறுதி உண்டு. இனிச் சொல்வதில் அவ்வளவு இல்லை. படம் எடுத்தால் பெயர் சொல்லும் கைப்பேசிச் செயலிகள், பறவைகளிலும் பூச்செடிகளிலும் நன்றாகவே உதவுகின்றன என்பது என் எண்ணம். காரல் மீன்களைப் போல ஒன்றோடொன்று மயங்கும் மீன்களில், வாய் எந்தப் பக்கம் நீள்கிறது, செதில் எதுவரை இருக்கிறது என்றெல்லாம் பார்க்க வேண்டியிருப்பதால், ஒரே ஒரு பக்கவாட்டுப் படத்தை வைத்துச் சொல்லும் பெயரை முடிவாகக் கொள்ளாமல், நூலில் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதற்கான குறிப்பாக மட்டும் கொள்வது நல்லது. அச்சு நூலும் முழுத் துணை ஆகிவிடாது. குஞ்சு மீன் பெரிய மீனைப் போல இருக்காது; பனிக்கட்டியில் கிடந்த மீனின் நிறம் படத்திலுள்ள நிறத்தோடு ஒத்துப் போகாது; கரையில் உருண்டு தேய்ந்த ஓட்டில் நூல் கேட்கும் அடையாளமே அழிந்திருக்கும். அந்நேரத்தில் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வது குறையே இல்லை. ஆய்வாளர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

நூலில் மீனுக்குக் கொடுத்திருக்கும் தமிழ்ப் பெயரை நான் மிகவும் குறைவாகவே நம்புகிறேன். வடகடல் பக்கம் ஒரு பெயர், தென்கடல் பக்கம் ஒரு பெயர், குஞ்சாக இருக்கும்போது ஒன்று, பெரிதானால் ஒன்று என்று வழங்கும் மீன்களுக்கு நூல் ஒரே ஒரு பெயரைப் போட்டுவிட்டுப் போய்விடும். கரைவலை இழுப்பவரிடமும், மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று கையால் தடவியே பிரித்துச் சொல்லும் பாசி எடுக்கும் பெண்களிடமும் நூலைக் காட்டிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஊர், கடல், மாதம் இவற்றோடு நூலின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். கடல்மட்ட ஏற்ற இறக்க அட்டவணையிலும் இதே நிலைதான். அது நிலவையும் சூரியனையும் கொண்டு முன்கூட்டிக் கணித்தது. காற்று தள்ளிக்கொண்டு வரும் நீர் அதில் சேராது. நம் கரையில் ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் உள்ள வேறுபாடு பொதுவாக ஒரு மீட்டரைத் தொடாது என்பதால், கச்சான் என்கிற மேல்காற்று நாலு நாள் தொடர்ந்து வீசினாலே கரையில் காண்பது அட்டவணையிலிருந்து விலகித் தெரியும். அதற்காக அட்டவணை பொய் என்று ஆகாது; அட்டவணை ஒரு எண் சொல்லாவிட்டால் காற்று எவ்வளவு தள்ளியது என்று கணக்கிட உங்களுக்கு வழியே இருந்திருக்காது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உயிருக்கு ஆபத்து வரக்கூடிய இடத்தில் நூலை வைத்து முடிவெடுக்காதீர்கள். துடுப்புபோல் தட்டையான வாலும் செதிலும் இருந்தால் கடல் பாம்பு, செவுள் துளையும் முதுகில் நீண்ட துடுப்பும் இருந்தால் விலாங்கு வகை என்று நூல் தெளிவாகவே சொல்லும். ஆனால் வலையில் சிக்கியதைக் கையில் எடுத்துச் சரிபார்க்கும் வேலை நமக்கு வேண்டாம். கூம்பு வடிவ ஓட்டுக்குள் உயிர் இருக்கிறதா என்று தெரியாமல் சட்டைப்பையில் போடுவதும் அப்படியே. அவற்றில் சில நச்சு ஊசி எறிபவை. கடித்துவிட்டாலோ குத்திவிட்டாலோ மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். மருந்துக் கையேடுகளையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கிறேன்.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். மேலே சொன்ன உணவு, வேளாண்மை அமைப்பின் மீன் நூல்கள் அதன் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சாளைக் குடும்பத்துக்குரிய பக்கங்களை மட்டும் அச்செடுத்து, சூடையும் மத்தியும் சேர்ந்து வரும் பருவம் முழுக்க அதோடு பழகிப் பாருங்கள். மீன் சலித்துப் போய்ச் சங்கு, சிப்பிதான் இழுக்கிறது என்றால் மெல்லுடலி நூலுக்குப் போங்கள். எந்தப் பக்கத்துக்கு நீங்கள் திரும்பத் திரும்பப் போகிறீர்கள் என்று தெரிந்த பிறகு, அந்தப் பொருளுக்கான ஒரே ஒரு நூலை, முடிந்தால் பழைய பதிப்பாகக் குறைந்த விலையில் வாங்குங்கள். பெயர்கள் மாறியிருந்தாலும் துடுப்புக் கதிரின் எண்ணிக்கை மாறுவதில்லை. அதுவரை மாவட்ட மைய நூலகத்தின் பார்வை நூல் பிரிவைப் பயன்படுத்தலாம். அந்நூல்களை வெளியே எடுத்துப் போக விடமாட்டார்கள் என்பதால், வேண்டிய பக்கத்தைப் பிரதி எடுக்கும்போது முகப்புப் பக்கத்தையும், குறியீட்டு விளக்கம் உள்ள பக்கத்தையும் மறக்காமல் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.